தலைமை டிரம்பெட்டின் நாதம்

அமெரிக்காவில் 1930களிலும் அதற்குப் பின்னும் வளர்ந்த பெரிய ஜாஸ் கோஷ்டிகளில், ஸாக்ஸபோன்கள் முன்வரிசையிலும் டிராம்போன்கள் அடுத்த வரிசையிலும் அமர்ந்திருக்க, எல்லோருக்கும் பின்னால் சற்றே உயர்ந்த மேடையில் நான்கு அல்லது ஐந்து டிரம்பெட் வாத்தியக்காரர்கள் வரிசையாக இருப்பார்கள். அவர்களுள் முதற்பாகத்தை வாசிப்பவரை லீட் டிரம்பெட் என்பார்கள். நாம் தலைமை டிரம்பெட் என்று சொல்லிக்கொள்ளலாம். கச்சேரியின் நடுவே எழுந்து நின்று, கற்பனையாக வாசித்துக் கைதட்டல் பெறுகிறவர் பெரும்பாலும் அவர் அல்லர். அந்தப் பாக்கியம் வரிசையிலுள்ள வேறொருவருடையது. ஆனாலும், ஒரு சங்கதி எங்கே மூச்செடுத்துத் தொடங்குகிறது, ஒரு ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது, எந்தக் கணத்தில் அறுபடுகிறது, தாளத்துக்கு முன்னே சாய்கிறதா பின்னே தங்குகிறதா என்பவற்றையெல்லாம் நிர்ணயிக்கிறவர் அவரே. மற்ற டிரம்பெட்டுகள் அவரைப் பின்பற்றுகின்றன, டிராம்போன்களும் ஸாக்ஸபோன்களும் அந்த வரிசையைப் பின்பற்றுகின்றன. இப்படியாக, பதினைந்து பதினாறு பேர் அடங்கிய கோஷ்டி முழுவதும் ஒரு மனிதருடைய மூச்சின் போக்கிலே நடக்கிறது.

இத்தகைய ஸ்தானத்தில் இருப்பவருக்கு உரத்த குரலும், எட்டாத ஸ்தாயியை எட்டும் வல்லமையும் இருந்தால் போதும் என்று புதிதாகக் கற்பவர்கள் நினைப்பதுண்டு. ஆண்டுக்கணக்காக உதட்டை வருத்தி மேல் ஸ்தாயியைச் சம்பாதித்துக்கொண்டு, அதன் பிறகும் தங்கள் வாசிப்பு ஏன் கோஷ்டியைத் தூக்கி நிறுத்தவில்லை என்று விளங்காமல் கலங்குகிறவர்களும் அநேகர். தலைமை நாதத்தின் இரகசியம் உரப்பிலும் உயரத்திலும் மட்டும் அடங்கியதன்று என்பதையும், ஒரே ஸ்வரத்துக்குள் ஒளிந்திருக்கும் பல மேற்சுரங்களுக்கிடையே சக்தி எப்படிப் பங்கிடப்படுகிறது என்பதிலே அதன் பெரும்பகுதி இருக்கிறது என்பதையும் பௌதிக சாஸ்திரம் கடந்த அறுபது ஆண்டுகளுக்குள் தெளிவாகக் காட்டியிருக்கிறது. ஒவ்வொரு சங்கீத சம்பிரதாயமும் அந்தப் பங்கீட்டைத் தனக்கு வேண்டிய விதமாக அமைத்துக்கொண்டிருக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். இன்று பெருவழக்காக உள்ள பி-பிளாட் டிரம்பெட்டின் குழாயை நிமிர்த்தி நீட்டினால் ஏறத்தாழ 148 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். அதன் பெரும்பகுதி சுமார் 11.7 மில்லிமீட்டர் உள்விட்டம் கொண்ட நேர்க்குழாய்; கடைசிப் பகுதி படிப்படியாக விரிந்து, ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் அகலமுள்ள பெல் என்னும் வாயாகத் திறக்கிறது. மறுமுனையில் மௌத்பீஸ் என்ற சிறு கிண்ணம். அதில் பதிந்து அதிரும் உதடுகள், நாகசுரத்தில் சீவாளி செய்யும் வேலையை இங்கே செய்கின்றன. ஒருபுறம் மூடிய வெறும் நேர்க்குழாயானால், அது ஒற்றைப்படை மேற்சுரங்களுக்கு மட்டுமே இசைந்து கொடுக்கும். சங்கீதத்துக்கு அது உதவாது. பெல்லின் விரிவு கீழே உள்ள அனுநாதங்களை மேலே உயர்த்துகிறது. மௌத்பீஸின் கிண்ணமும் அதன் அடியிலுள்ள சிறு துவாரமும் மேலே உள்ளவற்றைக் கீழே இறக்குகின்றன. இவ்விரண்டும் சேர்ந்து வேலை செய்வதால், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற ஒழுங்கான விகிதத்தில் அனுநாதங்கள் அணிவகுத்து நிற்கின்றன. எந்தக் கணக்கும் தெரியாத பழைய கன்னார்கள் பல தலைமுறைகளாகத் தட்டியும் வளைத்தும் கண்டுபிடித்த இந்த ஏற்பாட்டின் காரணத்தை, அமெரிக்க விஞ்ஞானி ஆர்தர் பெனேட் தம் ஆராய்ச்சிகளால் விளக்கினார். பல அனுநாதங்கள் ஒன்றுக்கொன்று ஒத்தாசை செய்து ஒரே ஸ்வரத்தைத் தாங்கி நிற்கின்றன என்பது அவர் காட்டிய முக்கியமான உண்மை.

இந்த ஒத்தாசை எல்லா ஸ்தாயிகளிலும் ஒரே அளவில் கிடைப்பதில்லை. டிரம்பெட்காரர்கள் ‘ஹை ஸி’ என்று அழைக்கும் ஸ்வரத்தின் உண்மையான அதிர்வெண் வினாடிக்கு 932. உதட்டிலிருந்து புறப்பட்ட அழுத்த அலை பெல்வரை சென்று, அங்கே ஒரு பகுதி பிரதிபலித்து, மீண்டும் உதட்டை வந்தடைய வினாடியில் ஏறத்தாழ 116இல் ஒரு பங்கு நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்குள் ‘ஹை ஸி’ வாசிக்கும் உதடுகள் எட்டு முறை அதிர்ந்து முடித்திருக்கும். அதாவது, குழாயிடமிருந்து முதல் பதில் வந்து சேருமுன், எட்டு அதிர்வுகளை உதடு ஒருவித உதவியும் இன்றித் தன்னந்தனியாக, சரியான வேகத்தில் நடத்தியாக வேண்டும். கீழ் ஸ்தாயியில் இரண்டு மூன்று அதிர்வுகளுக்குள்ளேயே பதில் வந்துவிடுகிறது. ஆகையால் அங்கே சிறு பிழையைக் குழாயே திருத்திக்கொள்கிறது. மேல் ஸ்தாயியில் தொடக்கத்திலேயே ஸ்வரம் பிளந்துபோவதற்குக் காரணம் இதுதான். பயிற்சி பெற்ற தலைமை வாத்தியக்காரர், ஊதுவதற்கு முன்பே அந்த ஸ்வரத்தை மனத்துக்குள் திட்டமாகக் கேட்டு, உதட்டை அதற்கு ஏற்பத் தயாராக வைத்திருக்கிறார். ஸ்வரத்தை முதலில் பாடிப் பார்க்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல சாஸ்திரக் காரணம் வேண்டியதில்லை.

இன்னும் மேலே போனால், ஏறத்தாழ 1500 அதிர்வுகளுக்கு அப்பால், பெல் அலையைத் திருப்பி அனுப்புவதையே அநேகமாக நிறுத்திவிடுகிறது. வந்த சக்தியெல்லாம் வெளியே போய்விடுகிறது. ‘டபிள் ஸி’ எனப்படும் 1865 அதிர்வுகளுள்ள ஸ்வரத்தை வாசிப்பவருக்குக் குழாயின் துணை ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். எனவே அந்த ஸ்தாயியில் வால்வுகளை எப்படி அழுத்தினாலும் ஸ்வரம் வந்துவிடுகிறது என்று வாத்தியக்காரர்கள் சொல்வதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

இனி நாதகுணத்துக்கு வருவோம். 1960களில், அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச் சாலையில் ழான்-கிளோத் ரிஸ்ஸே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி, கம்ப்யூட்டரைக் கொண்டு டிரம்பெட்டின் ஒலியைச் செயற்கையாக உண்டாக்க முயன்றார். மேற்சுரங்களின் அளவைப் புத்தகங்களில் கண்டபடி நிலையாக வைத்துச் சேர்த்தபோது, பிறந்த ஒலி டிரம்பெட்டைப் போலவே இல்லை. பிறகு உண்மையான வாத்தியத்தின் ஒலியைக் கணத்துக்குக் கணம் பகுத்து ஆராய்ந்து, அவர் இரண்டு உண்மைகளைக் கண்டார். ஸ்வரம் தொடங்கும்போது கீழ் மேற்சுரங்கள் முந்திக்கொண்டு எழ, உயர்ந்தவை சற்றுப் பின்தங்கி வந்து சேருகின்றன. மேலும், உரப்பு ஏற ஏற, உயர்ந்த மேற்சுரங்கள் தாழ்ந்தவற்றைக் காட்டிலும் மிக வேகமாகப் பெருகுகின்றன. மெல்ல வாசித்த டிரம்பெட்டின் ஒலியை ரேடியோவில் எவ்வளவு பெரிதாக்கினாலும், அது உரத்து வாசித்த டிரம்பெட் ஆகிவிடாது. மெதுவாகப் பேசியவனைப் பெரிதாக்கிக் கேட்பது போலவே இருக்கும். உரப்பும் பிரகாசமும் இவ்வாத்தியத்தில் ஒன்றோடொன்று பிணைந்தவை.

இந்தப் பிணைப்புக்கான காரணத்தின் ஒரு பகுதி உதட்டில் இருக்கிறது. மற்றொரு பகுதி குழாய்க்குள்ளேயே இருக்கிறது, அதுவே மிகவும் வியக்கத்தக்கது. சாதாரணப் பேச்சொலி போன்ற மெல்லிய அலைகள் தம் வடிவம் மாறாமல் பயணம் செய்கின்றன. ஆனால் மிக உரத்த அலையில், அழுத்தம் மிகுந்த சிகரத்திலுள்ள காற்று சற்றே சூடேறி இருப்பதாலும், அந்தக் காற்றே முன்னோக்கி நகர்ந்துகொண்டிருப்பதாலும், சிகரம் பள்ளத்தைவிட வேகமாகச் செல்கிறது. ஒன்றரை மீட்டர் குழாயைக் கடந்துபோவதற்குள் சிகரம் தனக்கு முன்னே போகும் பள்ளத்தை நெருங்கிவிடுகிறது. அலையின் முன்பக்கம் செங்குத்தாக நிமிர்கிறது. மிகமிக உரத்து வாசிக்கும்போது அது அதிர்ச்சி அலையாகவே ஆகிவிடுகிறது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் உண்டாக்கும் அலையும் இதே இனத்தைச் சேர்ந்ததுதான். செங்குத்தான அலையில் உயர்ந்த மேற்சுரங்கள் ஏராளமாக இருக்கும் என்பது கணித நியதி. பித்தளை வாத்தியங்களின் ‘பித்தளைத்தனம்’ என்று நம் காது உணர்வது இதைத்தான். நெதர்லாந்தைச் சேர்ந்த ஹிர்ஷ்பெர்க்கும் பிரான்ஸின் கில்பெர்ட்டும் அவர்களுடைய சகாக்களும் 1996இல் டிராம்போனில் இந்த அதிர்ச்சி அலைகளை அளந்து காட்டினார்கள். 2003இல் பென்சில்வேனியா மாகாணப் பல்கலைக்கழகத்தில், காற்றின் அடர்த்தி மாறுபாட்டை நிழலாகக் காட்டும் ஷ்லீரன் என்ற புகைப்பட முறையால், டிரம்பெட்டின் பெல்லிலிருந்து அதிர்ச்சி அலை வளையமாக விரிந்து வெளியேறுவதை அப்படியே படம் பிடித்தார்கள்.

ப்ளூகல்ஹார்ன் என்ற உறவுக்கார வாத்தியம் அதே நீளமுடையது. அதே உதடுதான் அதையும் வாசிக்கிறது. இருந்தும் அது வெல்வெட்டைப் போல் மென்மையாக ஒலிக்கக் காரணம், அதன் குழாய் தொடக்கத்திலிருந்தே கூம்பாக விரிந்துகொண்டு போவதால், அலையின் வலிமை வழியெங்கும் குறைந்து, செங்குத்தாக நிமிர அதற்கு அவகாசம் கிடைக்காமல் போவதே. கார்னெட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. லூயி ஆம்ஸ்ட்ராங் 1920களின் நடுவில் கார்னெட்டை விட்டு டிரம்பெட்டுக்கு மாறியதும், பெரிய கோஷ்டிகள் எல்லாம் டிரம்பெட்டையே மேற்கொண்டதும், இந்தப் பிரகாசத்தின் மேல் எழுந்த காதலால் என்று கருத இடமுண்டு.

பிரகாசத்துக்கு இத்தனை மதிப்பு ஏன் என்பதைக் காதின் அமைப்பில் தேட வேண்டும். மனிதச் செவி 2000 முதல் 5000 அதிர்வுகள் வரையுள்ள பிரதேசத்தில் மிகக் கூர்மையாக இருக்கிறது. ‘ஹை ஸி’யின் மேற்சுரங்கள் 1865, 2797, 3729 என்று ஏறிப்போய் அந்தப் பிரதேசத்துக்குள் நுழைகின்றன. அங்கே சக்தியைக் கொண்டு சேர்க்கத் தெரிந்த வாத்தியக்காரர், குறைந்த பிரயத்தனத்திலேயே, மத்தளங்களும் டிராம்போன்களும் முழங்கும் கோஷ்டியை ஊடுருவிச் செல்கிறார். தெரியாதவர் இரண்டு மடங்கு ஊதியும் அடியிலேயே அமிழ்ந்துபோகிறார். தலைமை நாதத்தில் தேர்ந்தவர்களுக்கு அருகில் அமர்ந்து வாசித்தவர்கள், ‘பக்கத்தில் கேட்டபோது அவ்வளவு உரப்பாகத் தோன்றவில்லையே’ என்று வியப்பதுண்டு. அந்த வியப்புக்கும் காரணம் இருக்கிறது. தாழ்ந்த மேற்சுரங்கள் பெல்லிலிருந்து எல்லாத் திசைகளிலும் பரவுகின்றன. ஆனால் 3000 அதிர்வுகளுக்கு மேற்பட்டவற்றின் அலைநீளம் பெல்லின் அகலத்துக்குச் சமமாகவும் அதற்குக் குறைவாகவும் ஆகிவிடுவதால், அவை விளக்கின் ஒளிக்கற்றையாக நேர் முன்னே மட்டும் பாய்கின்றன.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவை ஒவ்வொரு மாணவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும் என்று நான் கருதுகிறேன். பெல்லுக்குப் பின்னால் இருக்கும் வாத்தியக்காரர், சபை கேட்கும் நாதத்தைத் தாம் ஒருபோதும் கேட்பதில்லை. அவர் காதுக்கு எட்டுவது பிரகாசம் வடிந்துபோன, சற்று மங்கிய ஒலி. மங்கலாக இருக்கிறதே என்று எண்ணி மேலும் ஊதினால் முன்னால் இருப்பவர்களுக்குக் காது கிழிகிறது. மெத்தை விரித்த சிறிய அறையில் பயின்றுவிட்டு மண்டபத்தில் வாசிக்கும்போது நிதானம் தவறிப்போகிறது. சுவருக்கு எதிரே நின்று வாசித்து அதன் எதிரொலியைக் கேட்பதும், ஒலிப்பதிவு செய்து கேட்பதும், நம்பத்தக்க ஒருவரைச் சபையின் நடுவில் நிறுத்திக் கேட்கச் சொல்வதும் இக்காரணத்தால் இன்றியமையாத பயிற்சிகள் ஆகின்றன.

மூச்சைப் பற்றிச் சில வார்த்தைகள். நாம் பேசும்போது நுரையீரலில் எழும் அழுத்தம் ஐந்தாறு மில்லிமீட்டர் பாதரசத்துக்குமேல் போவதில்லை. உரத்த மேல் ஸ்தாயி ஸ்வரங்களை வாசிக்கும் டிரம்பெட்காரரின் வாய்க்குள் அந்த அழுத்தம் 150 மில்லிமீட்டரையும் தாண்டக்கூடும். ஆரோக்கியமான மனிதருடைய இரத்த அழுத்தத்தின் மேல் அளவைவிட அது அதிகம். ஆஸ்திரேலிய விஞ்ஞானி நெவில் பிளெட்சரும் அவருடைய சகா டார்னோபோல்ஸ்கியும் 1999இல் வெளியிட்ட அளவீடுகள், ஸ்வரம் உயர உயர அதற்குத் தேவையான அழுத்தமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் உயர்வதைக் காட்டின. மார்புக்குள் அழுத்தம் இவ்வளவு ஏறும்போது இரத்தம் இதயத்துக்குத் திரும்புவது தடைப்படுகிறது. நீண்ட உச்ச ஸ்வரத்தின் முடிவில் கண் இருண்டு தலை சுற்றுவது இதனால்தான். ஆனால் செலவாகும் காற்றின் அளவோ மேல் ஸ்தாயியில் மிகக் கொஞ்சம். அழுத்தம் அதிகம், ஓட்டம் குறைவு என்ற இந்த முரணான நிலைக்கு உடம்பைப் பழக்குவதே பாதி வித்தை. உச்ச ஸ்தாயிக்கு உலகப் புகழ்பெற்ற கனடா நாட்டு மேனார்ட் பெர்குஸன், 1950இல் ஸ்டான் கென்டனின் கோஷ்டியில் சேர்ந்து பெயர் பெற்றவர், 1960களின் பிற்பகுதியில் குடும்பத்துடன் இந்தியாவுக்கு வந்து, மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளியில் மாணவர்களுக்குக் கற்பித்தார். யோக சாதனையிலும் மூச்சுப் பயிற்சியிலும் அவருக்கு இருந்த ஈடுபாட்டை அவருடைய வாத்தியத்தை அறிந்தவர்கள் நன்கு புரிந்துகொள்வார்கள்.

மௌத்பீஸைப் பற்றி வாத்தியக்காரர்கள் முடிவில்லாமல் விவாதிப்பார்கள். அதன் உள்வாய் 16, 17 மில்லிமீட்டர் அகலம்தான். அடியிலுள்ள துவாரம் பல மாதிரிகளில் 3.66 மில்லிமீட்டர். கிண்ணம் ஆழமாக இருந்தால் அதன் சொந்த அனுநாதம் கீழே இறங்கி, நாதம் கனத்து இருண்டு ஒலிக்கும். ஆழம் குறைந்தால் அனுநாதம் மேலேறி, உயர்ந்த மேற்சுரங்களுக்கு ஆதரவு கூடும். வியன்னாவுக்கு அருகே பிறந்து இஞ்சினீயரிங் கற்று, பின்னர் அமெரிக்காவில் மௌத்பீஸ் செய்யும் தொழிலைத் தொடங்கிய வின்சென்ட் பாக்கின் அகன்ற ஆழ்ந்த மாதிரிகளைச் சிம்பனி வாத்தியக்காரர்கள் விரும்பியதும், சிக்காகோவில் ஷில்கி செய்த ஆழமற்ற மாதிரிகளை ஜாஸ் தலைமை வாத்தியக்காரர்கள் நாடியதும் இதனால்தான். எனினும் மௌத்பீஸ் செய்யும் உபகாரத்துக்கு ஓர் எல்லை உண்டு. புதிய மௌத்பீஸை வாங்கிய முதல் வாரம் நாதம் மாறியதுபோல் இருந்து, பிறகு வாசிப்பவருடைய பழைய நாதமே திரும்பி வந்துவிடுவதை அனுபவசாலிகள் அறிவார்கள். தாம் கேட்க விரும்பும் நாதம் வரும்வரை உதட்டையும் நாக்கையும் மூச்சையும் காது ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறது. கருவி மாறினால் அந்தத் திருத்தமும் மாறிக்கொள்கிறது. ஒரே விளிம்பை வைத்துக்கொண்டு கிண்ணத்தை மட்டும் மாற்றுவதே, பல சம்பிரதாயங்களில் வாசிக்க வேண்டியவருக்கு ஏற்ற வழி என்பது என் அபிப்பிராயம்.

சிம்பனி கோஷ்டியில் முதல் டிரம்பெட் என்ற ஸ்தானத்துக்கு இலக்கணமாக விளங்கியவர், சிக்காகோ சிம்பனியில் 1948 முதல் 2001 வரை அந்த ஆசனத்தை அலங்கரித்த அடால்ப் ஹெர்ஸெத். 1952இல் ஒரு மோட்டார் விபத்தில் அவருடைய உதடும் பற்களும் சிதைந்தன. ஆயினும் அவர் அகன்ற மௌத்பீஸைப் பிடித்துக்கொண்டு மீண்டும் தம் ஆசனத்துக்கு வந்தார், மீண்டும் அதே நாதத்தை எழுப்பினார். முஸோர்க்ஸ்கியின் பியானோ இசையை 1922இல் ராவெல் வாத்தியக் கோஷ்டிக்கு அமைத்தபோது, ‘கண்காட்சிச் சித்திரங்கள்’ என்ற அந்தப் படைப்பைத் தனி டிரம்பெட்டைக் கொண்டே தொடங்கிவைத்தார். அந்தத் தொடக்கத்துக்கு வேண்டிய நாதம் எத்தகையது? ஸ்வரம் தெளிவாகப் பிறக்க வேண்டும். நடுவில் அடிச்சுரத்தின் கனம் குன்றாமல் நிற்க வேண்டும். முடியும்போது நாக்கால் வெட்டப்படாமல், மண்டபத்தின் எதிரொலியோடு கலந்து கரைய வேண்டும். பின்னே வரும் கொம்பு வாத்தியங்களோடும் டிராம்போன்களோடும் ஒட்டிக்கொள்ளக்கூடிய நாதம் அது. அதிர்ச்சி அலையின் பிரகாசம் மிக உரத்த கட்டங்களுக்கென்று சேமித்துவைக்கப்படுகிறது. வியன்னாவிலும் பெர்லினிலும் பிஸ்டனுக்குப் பதிலாகச் சுழலும் வால்வுகள் உள்ள டிரம்பெட்டுகளை வைத்திருப்பதும் இந்தக் கலப்பை நாடித்தான்.

சங்கீத மேதை யோஹான் ஸெபாஸ்டியன் பாக்கின் காலத்தில் நிலைமை வேறு. லைப்ஸிக் நகரத்தில் அவருடைய உச்சமான டிரம்பெட் பாகங்களை வாசித்த காட்பிரீட் ரைஹெயின் வாத்தியத்துக்கு வால்வே இல்லை. குழாயின் நீளமோ 2 மீட்டருக்கும் அதிகம். நீண்ட குழாயில் எட்டாவது அனுநாதத்துக்கு மேல் ஸ்வரங்கள் படிப்படியாக நெருங்கி நிற்பதால், ராகம்போல் தொடர்ந்து வாசிக்க அங்கேதான் முடியும். அந்த வித்வான்கள் உச்ச ஸ்தாயியில் மென்மையாக, புல்லாங்குழலோடும் ஓபோவோடும் சமமாக நின்று வாசித்தார்கள். மேல் ஸ்தாயி என்றாலே அலற வேண்டும் என்பது சங்கீதத்தின் விதியன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஜாஸ் கோஷ்டிக்கு வந்தால் எல்லாம் மாறிவிடுகிறது. ஸ்வரத்தின் தொடக்கத்தைவிட அதன் முடிவே முக்கியமாகிறது. ‘டாட்’ என்று நாக்கால் அடைத்து நிறுத்தினால்தான் டிரம்மின் அடியோடு அது பொருந்தும்; சிம்பனி மண்டபத்தில் அப்படி நிறுத்துவது அநாகரிகமாகத் தோன்றும். நீண்ட ஸ்வரம் நேராகத் தொடங்கி, பாதிக்கு மேல் மெல்ல அசையத் தொடங்கி, முடிவில் நன்றாக நடுங்கி நிற்க வேண்டும். ஷேக் என்ற அலங்காரத்தில் உதடு இரண்டு அடுத்தடுத்த அனுநாதங்களுக்கிடையே தாவித் தாவி ஆடுகிறது. பால் என்ற அலங்காரத்தில் ஸ்வரம் முடிவில் சரிந்து இறங்கி மறைகிறது. இவற்றையெல்லாம் நான்கு பேரும் ஒரே அளவாகச் செய்யும்படி வழிகாட்டுகிறவர் தலைமை வாத்தியக்காரரே.

அவர்களுள் என் மனம் மிகவும் மதிப்பது ஸ்னூக்கி யங்கை. ஓஹாயோ மாகாணத்தின் டேட்டன் நகரில் 1919இல் பிறந்து, இளமையிலேயே ஜிம்மி லன்ஸ்போர்டின் கோஷ்டியில் தலைமை வகித்து, பின்னர் கவுன்ட் பேஸியின் கோஷ்டிக்கு வந்தவர். 1957இல் பேஸியின் கோஷ்டி, நீல் ஹெப்டி எழுதிய உருப்படிகளைப் பதிவு செய்த இசைத்தட்டில், ‘லில் டார்லின்’ என்று ஒன்று இருக்கிறது. ஹெப்டி அதைச் சற்று வேகமாகவே எண்ணி எழுதினார் என்றும், பேஸி அதைத் தவழும் நடைக்குக் குறைத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். அத்தனை விளம்பத்தில் ஒரு ஸ்வரத்தைத் தாளத்துக்கு மயிரிழை பின்னால் வைத்து, அடுத்ததையும் அதே இடைவெளியில் வைத்து, கோஷ்டி முழுவதையும் பின்னால் சாய்ந்தபடியே விழாமல் நடத்திச் செல்வது எவ்வளவு கடினம் என்பதை, கூட்டாக வாசித்துப் பார்த்தவர்களே அறிவார்கள். அந்தத் தட்டில் யங்கின் நாதம் கொழுத்தது, அகலம் உள்ளது, பிரகாசம் அதன் மேல் முலாமாக மட்டுமே ஏறியிருக்கிறது. உச்ச ஸ்தாயி வரும்போதும் கீழ் ஸ்தாயியில் இருந்த அதே நாதம் தொடர்ந்து வருகிறது. ஹாலிவுட் சினிமாக் கோஷ்டிகளில் புகழ்பெற்று, 42ஆம் வயதிலேயே மறைந்த கான்ராட் கோஸோவும் இந்த அகலத்துக்கே பெயர் போனவர்.

டியூக் எலிங்டன் கோஷ்டியில் 1944இல் சேர்ந்த காட் ஆண்டர்ஸனோ, மற்றெல்லோரும் நிறுத்திய இடத்திலிருந்து தொடங்கி, கோஷ்டியின் தலைக்கு மேலே தனியாக ஓர் ஒளிக்கோட்டைத் தீட்டுவார். எலிங்டன் அதை ஒரு வர்ணமாகவே வைத்துக்கொண்டு எழுதினார். கென்டனுடைய கோஷ்டியில் அசைவே இல்லாத, சுவரைப் போன்ற பித்தளை நாதம் வேண்டியிருந்தது. அங்கே பேஸி கோஷ்டியின் நடுக்கத்தைக் கொண்டுபோனால் சுவர் ஆடிவிடும்.

கியூபாவின் சம்பிரதாயத்தில் தலைமை டிரம்பெட் பின்னால் சாய்வதே தவறு. தாளத்தின் நுனியிலேயே நிற்க வேண்டும். ஸ்வரங்கள் குறுகி, இறுகி, நேராக இருக்க வேண்டும். காங்கா முதலான தாள வாத்தியங்களின் இடைவெளிகளில் அவை கத்திபோல் நுழைய வேண்டும். இந்த இரண்டு உலகங்களையும் தம் உதட்டிலே அறிந்திருந்தவர் ஹவானாவில் பிறந்த மாரியோ பௌஸா. நியூயார்க்கில் சிக் வெப்பின் ஜாஸ் கோஷ்டியில் தலைமை டிரம்பெட்டாக இருந்துவிட்டு, பிறகு மசீத்தோவின் கோஷ்டியில் கியூபாவின் தாளத்தையும் ஜாஸின் இசைக்கூட்டையும் ஒன்றாக்கினார். மெக்ஸிகோவின் மரியாச்சி கோஷ்டிகளில் டிரம்பெட் வெகுகாலம் இல்லை. வயலின், கிட்டார் போன்ற தந்தி வாத்தியங்களே இருந்தன. 1930இல் ஒலிபரப்பைத் தொடங்கிய எக்ஸ்இடபிள்யூ வானொலி நிலையத்தின் காலத்தில்தான் டிரம்பெட் அதில் வேரூன்றியது. வர்காஸ் தெ தெகாலித்லான் கோஷ்டியில் மிகெல் மார்த்தினெஸ் அதன் பாணியை வகுத்தார். பாடகரின் குரலைச் சுற்றி வளைந்து, விரைவான நடுக்கத்தோடு பாடி, குரல் வந்ததும் விலகி நிற்கும் அந்த நாதத்தில், பிரகாசத்தோடு ஒரு கனிவும் சேர்ந்திருக்கிறது.

ஒரே மனிதர் இத்தனை நாதங்களையும் சாதிக்க முடியுமா என்றால், ஓரளவுக்கு முடியும். எம்ஜிஎம் சினிமாக் கோஷ்டியின் முதல் டிரம்பெட்டாக 1949இலிருந்து இருந்த யூவன் ரேஸி, 1951இல் வெளிவந்த ‘ஆன் அமெரிக்கன் இன் பாரிஸ்’ படத்தில் கெர்ஷ்வின் சங்கீதத்தின் மினுக்கத்தை வாசித்தார். 1974இல் ‘சைனாடவுன்’ படத்தில் ஜெரி கோல்ட்ஸ்மித்தின் சோகமான தனிப்பாகத்தை, காற்று கலந்த மங்கிய நாதத்தில், அவசரமே இல்லாமல் வாசித்தார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பதே ஒரு பாடம். இப்படி மாறத் தெரிந்தவர்களின் பயிற்சி பார்வைக்கு மிக எளிமையானது. மேல் ஸ்தாயிப் பாகங்களை முதலில் ஒரு ஸ்தாயி கீழே வாசித்து, சங்கதிகளின் நடையையும் முடிவுகளையும் உறுதி செய்துகொள்வது. நீண்ட ஸ்வரங்களை மிக மெல்லிய உரப்பில் வாசித்து, உதடு குறைந்த காற்றிலேயே அதிரப் பழக்குவது. ஓர் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, அதன் தலைமை வாத்தியக்காரரோடு கூடவே, அவருடைய மூச்சும் நாக்கும் தம்முடையவை ஆகும்வரை வாசிப்பது. மெல்லிய உரப்பில் அலை செங்குத்தாக நிமிர்வதில்லை. ஆகவே அங்கே கேட்கும் பிரகாசமோ மங்கலோ உதட்டினுடையதும் கருவியினுடையதுமே. அங்கே நாதத்தைச் செம்மை செய்துகொண்டவருக்கு, உரப்பைக் கூட்டும்போது குழாயே மீதியைச் சேர்த்துக் கொடுக்கிறது.

தலைமை நாதத்தில் வரிசையிலுள்ள மற்றவர்களின் பங்கும் பெரிது. இசை அமைப்பாளர்கள் பல இடங்களில் நான்காம் டிரம்பெட்டுக்குத் தலைமைப் பாகத்தையே ஒரு ஸ்தாயி கீழே எழுதிவைப்பார்கள். தலைமை 932இல் வாசிக்கும்போது நான்காமவர் 466இல் வாசிக்கிறார். அவருடைய இரண்டாவது, நான்காவது, ஆறாவது மேற்சுரங்கள் தலைமையின் அடிச்சுரத்தோடும் மேற்சுரங்களோடும் ஒன்றாய் விழுகின்றன. கேட்பவருடைய காது அவற்றைப் பிரித்தறிய மாட்டாமல், தலைமை வாத்தியக்காரரே திடீரென்று இரண்டு மடங்கு பருத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறது. நான்காமவர் வினாடிக்கு இரண்டே அதிர்வுகள் தாழ்ந்துவிட்டாலோ, அவருடைய இரண்டாவது மேற்சுரம் தலைமையோடு மோதி, வினாடிக்கு நான்கு விம்மல்கள் எழுகின்றன. அப்போது சபையில் இருப்பவர்கள் சுருதி பிசகிவிட்டதாகத் தலைமை வாத்தியக்காரரையே நோக்குவார்கள். தேர்ந்த கோஷ்டித் தலைவர் நான்காம் ஆசனத்தை நோக்குவார்.